எங்க காயம்?

அரசடிப் பார்மசியில் அயோடின் குளிசை கேட்டேன்.
கவுண்டரில் நின்ற பிள்ளை
மண்ணிறப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்து
"எங்க தம்பி காயம்?" என்றாள்.
முழங்கையைப் பார்த்தேன், பிறகு முழங்காலை.
ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம்.
காசைக் கொடுத்துப் போத்தலை வாங்கி வந்தேன்.

இரவில் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன்.
அங்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பியாம்.
வருவது எந்த அயோடின் என்று கேட்காமலே
குடித்துவிடுமாம்.
மூன்று மணிக்கு இதை வாசித்தவனுக்கு
விடியும்வரை எச்சில் விழுங்குவதே வேலை.

போனில் ஒரு வரைபடம்.
விரலை வைத்தால் வட்டம் விழும்.
நடுவில் சிவப்பு, அப்பால் செம்மஞ்சள்,
அதற்கும் அப்பால் ஒரு வெளிறல்.
கொழும்பில் வைத்தேன். பாலமீன்மடு தப்பியது.
திருகோணமலைத் துறைமுகத்தில் வைத்தேன். தப்பியது.
எங்கள் வெளிச்சவீட்டின் தலையிலேயே வைக்கப் போய்
சிரித்துவிட்டேன்:
எவன் எங்களுக்கென்று ஒன்றைச் செலவழிப்பான்?
ஆறுதல் மாதிரியும் இருந்தது, அவமானம் மாதிரியும்.
பிறகுதான் காற்றின் ஞாபகம் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்து உலைக்கும்
என் தலையணைக்கும் நேர்கோட்டில்
நானூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
கச்சான் எழும்பினால் அங்கிருந்துதான் எழும்பும்.
அப்பா முற்றத்தில் முகத்தை நீட்டிப் பார்த்து
"கச்சான் தொடங்கிற்று, இனிக் கடல் படுக்கும்" என்கிறார்.
போட்டுக்கு எண்ணெய் தேடிப் போகிறார்.
நான் யன்னலைச் சாத்துகிறேன்.

லீசிங் கந்தோரில் அறுபது மாதத் தவணை என்றார்கள்.
என்ன நிறம் என்று கேட்டபோது
"அவ்வளவு காலம் இருக்குமா?" என்றேன்.
"என்ஜினுக்கு வாறண்டி இருக்கு" என்றான் அவன்.
கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு படிவம்.
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்
நித்திரைக் குறைவு, பசிக் குறைவு, எதிலும் நாட்டமின்மை.
இல்லை. சில நாள். பாதிக்கு மேல். அநேகமாகத் தினமும்.
காற்றுக்கு ஒரு பெட்டியும் இல்லை.
மிஸ் என்னைவிட நாலைந்து வயது கூட இருப்பா.
பேனை எழுதவில்லை; உதறிக்கொண்டே கேட்டா:
"அது நடந்தா எங்க நிப்பீங்க?"
"வீட்ட."
"ஆரோட?"
இத்தனை இரவும் வட்டம் போட்டவன்
அதற்குள் ஒருவரையும் நிறுத்திப் பார்த்ததில்லை.
தெரியாது என்றேன். அதை எழுதினா.

அம்மா கதவோரம் ஒரு பை வைத்திருக்கிறா.
அடையாள அட்டைகள், காணி உறுதி, ஒரு டோர்ச்.
தைக்குத் தை பற்றரி மாற்றுவா.
அந்த ஞாயிறு காலை, தண்ணிக்கு முன்னால்
அவ ஓடிய ஓட்டத்தில்
ஏழு மாதமாய் நான் உள்ளே இருந்தேன்.
போத்தலைப் பைக்குள் வைக்கும்போது கண்டுவிட்டா.
"என்னடா அது?"
"காயத்துக்கு."
சரி என்று சிப்பை இழுத்து மூடினா.
வேறொன்றும் கேட்கவில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஜதுர்ஷிகா, 2.50க்கு:
"முழிப்பா?"
"ம்."
"நீயும் காத்துப் பாக்கிறியா?"
"கச்சான். மணிக்குப் பதினெட்டு."
"இஞ்ச பதினாறு."
பிறகு அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.
அவள் பெயரருகே பச்சைப் புள்ளி
அணையாமல் கிடந்தது.
அதைப் பார்த்தபடி எப்போது கண்ணயர்ந்தேனோ.

நேற்று அப்பாவின் உள்ளங்கையைத் தங்கூசி அறுத்துவிட்டது.
பையைத் திறந்தேன். டோர்ச், உறுதி, போத்தல்.
பஞ்சு இல்லை; என் விரலாலேயே பூசினேன்.
மண்ணிறம் ரேகை ரேகையாக ஓடிற்று.
பல்லைக் கடித்துக்கொண்டு
"நல்லகாலம் வாங்கி வெச்சாய்" என்றார்.
யன்னல் திறந்து கிடந்தது.
மேசையில் பேப்பர் படபடத்தது.
கை இரண்டிலும் மருந்து,
பிறகு சாத்தலாம் என்று இருந்தேன்.